வெளிப்புற சீரியல் லைட்டுக்கு "மழையில் நனைந்ததால் வாரன்டி இல்லை" என்ற பதில் – புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழுதான மூன்று வெளிப்புற சீரியல் செட்களையும் அடாப்டரோடு மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

ஆறு முறை போன் செய்தாயிற்று. நான்கு மின்னஞ்சல் அனுப்பியாயிற்று. சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை அலைந்தாயிற்று. எதற்கும் முடிவில்லை என்பதால் உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன். உங்களுடைய 200 பல்பு, 8 மோட், வார்ம் ஒயிட் செட்டைப் பற்றித்தான். அது எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாங்கியது மூன்று, போனதும் மூன்று.

பெட்டியின் மேல் கூரை விளிம்பில் விளக்கு எரிகிற படம் இருக்கிறது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ஐ.பி. 44'. தூசும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு காக்கும் என்பதற்கான குறியீடு அது. அதில் இரண்டாவது 4, எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் பாதிக்காது என்பதற்கான எண். அப்படியிருக்க, உங்கள் கவுன்டரில் இருந்தவர் செட்டைக் கையில்கூட வாங்காமல், "மழையில நனைஞ்சிருக்கு, வாரன்டி கிடையாது" என்றார். பெட்டியில் இருக்கும் படத்தைக் காட்டினேன். "அப்ப வீட்டுக்குள்ளயே மாட்டியிருக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். வெளியில் மாட்டத்தானே ஐயா வெளிப்புற விளக்கு விற்கிறீர்கள்?

பழுது எங்கே என்று அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பல்புகள் பத்துப் பத்தாக அணைந்தன. 31 வோல்ட் அடாப்டருக்கு வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் என்று பத்தைத் தொடராகக் கோத்திருக்கிறீர்கள். ஒன்று போனால் அந்தப் பத்தும் போகும். அணைந்த வரிசையில் ஒரு பல்பின் கழுத்தைப் பிளேடால் கீறிப் பார்த்தால், ஒயர் மேல் போட்ட, சூட்டில் சுருங்கி இறுகும் குழாய் பல்பின் அடிவரை வரவேயில்லை. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. உள்ளே செப்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. எல்.இ.டி.யின் இரண்டு கால்களில் பிளஸ் கால் மட்டும் அரித்து அறுந்திருக்கிறது. டி.சி. (ஒரே திசையில் பாயும்) மின்சாரத்தோடு ஈரம் சேர்ந்தால் பிளஸ் பக்கத்து உலோகம்தான் கரையும். ஆக, இது மழையின் குற்றமல்ல, நீர் புகாமல் நீங்கள் சரியாக அடைக்காததன் குற்றம். "ஒரு பல்புதானே, மாத்திக்கோங்க" என்று போனில் ஒரு பெண்மணி சொன்னார். ஒட்டி மூடிய பல்பை எப்படி மாற்றுவது?

அடாப்டர் கதை இதைவிட மோசம். அதன் ஸ்டிக்கரில் சின்னதாக ஒரு வீட்டுப் படமும் 'ஐ.பி. 20' என்றும் இருக்கிறது. அதாவது அதை வீட்டுக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். சரி, உள்ளேயே வைக்கலாம் என்றால் முதல் பல்புவரை நீங்கள் கொடுத்த ஒயர் ஒன்றரை மீட்டர்தான். ஜன்னல் சட்டத்தைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. ஐந்து மீட்டராவது வேண்டாமா?

மாட்டியதில் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆணியோ ஸ்டேப்ளர் பின்னோ ஒரு இடத்திலும் இல்லை. கூரை விளிம்பில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப். பால்கனிக் கம்பியில், வெயிலில் உதிராத கறுப்பு கேபிள் டை, அதுவும் ஒயரை நெரிக்காத அளவுக்குத் தளர்வாக. ஒயர் எட்டாததால் வெளியே வைக்க நேர்ந்த அடாப்டருக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, தண்ணீர் தேங்காமல் வடிய அதன் அடியில் துளை. ஒயர் டப்பாவுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டிருக்கிறது, நீர் அங்கேயே சொட்டிவிடும். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. லைனில் உண்டு. உங்கள் விளக்கத் தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை.

கடைசியாக வைத்த மோடை நினைவில் வைக்கும் மெமரி வசதி என்று பெட்டியில் போட்டிருப்பதும் பொய். டைமர் விளக்கை அணைத்துத் திரும்பப் போட்டால் மறுபடி முதல் மோடிலிருந்து மின்னத் தொடங்குகிறது.

இரண்டாவது பயணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. "அடாப்டர்தான் போயிருக்கும்" என்று வேறு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் பார்த்தால் 24 வோல்ட்! பத்துப் பல்புக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 2.4. வெள்ளை எல்.இ.டி. அதில் கண்ணைக்கூடத் திறக்காது. உங்கள் பொருளுக்கு எத்தனை வோல்ட் என்று உங்கள் சர்வீஸ் சென்டருக்கே தெரியாதா? திரும்பப் போன் செய்தால், "சுருட்டி வச்சபடியே ராத்திரி முழுக்க எரிய விட்டுப் பாருங்க" என்கிறார்கள். சுருளாக வைத்து எரிய விடாதீர்கள் என்று எச்சரிப்பது உங்கள் தாள்தானே!

அந்தக் கவுன்டர்காரர் கடைசியாகச் சொன்னது: "ஸ்டாக் ஜனவரியிலதான், அப்ப வாங்க." கிறிஸ்துமஸ் விளக்கை ஜனவரியில் வாங்கி என்ன செய்வது? கூரை விளிம்புக்கு ஒன்று, வாசல் நிலைக்கும் கேட்டுக்கும் ஒன்று, பால்கனிக்கு ஒன்று, வேறு எந்த அலங்காரமும் வேண்டாம் என்று செலவைச் சுருக்கிப் போட்ட திட்டம் அடியோடு பாழ். தெருவில் இருண்டு கிடக்கிற ஒரே வீடு இதுதான். இந்த ஆண்டுப் பண்டிகையே போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

தயவுசெய்து மூன்று செட்களையும் மாற்றிக் கொடுங்கள். அடாப்டரும் ஐ.பி. 44 ஆக, 31 வோல்ட் ஆக இருக்கட்டும். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். டிசம்பர் 15க்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பில், பெட்டி, பிளந்த பல்பின் படம், அந்த 24 வோல்ட் அடாப்டர் எல்லாவற்றோடும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். அதற்கு அவசியம் வராமல் நீங்களே கவனிப்பீர்கள் என்று நம்புகிறேன். கவுன்டரில் இருந்தவருக்கு ஐ.பி. 44 என்றால் என்ன என்று யாராவது சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மூன்று செட் வாங்கிய வாடிக்கையாளர்