உட்கருவுக்குள்ளும் மோட்டார் புரதங்கள் உழைக்கின்றன

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லுக்குள் சரக்குச் சுமக்கும் மோட்டார் புரதங்களைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கைனசின் என்னும் மோட்டார் புரதம் செல்லுக்குள் பாதைபோல நீண்டிருக்கும் நுண்குழல்களின் மீது அடிக்கு 8 நானோமீட்டர் வீதம் நடந்து செல்வதையும், டைனீன் என்னும் மற்றொரு மோட்டார் புரதம் அதற்கு எதிர்த்திசையில் நடப்பதையும், இரண்டுமே செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூற்றைச் சிதைத்து ஆற்றல் பெறுவதையும் கட்டுரையாளர் பள்ளி மாணவருக்கும் புரியும்படி எழுதியிருந்தார். ஆனால் கட்டுரையின் முடிவில், உட்கரு என்பது மரபுத் தகவலைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டகம் என்றும், மோட்டார் புரதங்களின் வேலை அதன் வாசலோடு முடிந்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தார். அதை மறுத்தே ஆக வேண்டும் என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். தருமபுரி மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் கற்பித்தவன் நான். இதே கருத்தை எத்தனையோ மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதால், இதைத் திருத்துவதில் எனக்குக் கூடுதல் பொறுப்பு இருப்பதாகக் கருதுகிறேன்.

இந்தக் கருத்து நம் மனத்தில் எப்படி ஊன்றியது என்பதை எங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே பார்க்கலாம். கண்ணாடிக் குப்பியின் வாயில் வெங்காயத்தை வைத்து, அதன் அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி விட்டால் மூன்று நாளில் வெள்ளை வேர்கள் இறங்கிவிடும். காலையில் வேர்நுனிகளை நறுக்கி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த கரைசலில் போட்டு வைப்போம். பிறகு அசிட்டோகார்மைன் சாயத்தை ஒரு சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் லேசாகச் சூடு காட்டி, கவர் ஸ்லிப்பால் மூடி, மை ஒற்றும் தாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால், வெங்காயத்தின் 16 குரோமோசோம்களும் சிவந்த நூல்துண்டுகளாகக் கண்ணுக்குத் தெரியும். பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "சார், செல்லு பிரியாத நேரத்துல இதுக்குள்ள என்ன சார் நடக்கும்?" என்று கேட்டாள். "ஒண்ணும் நடக்காதும்மா, அது ஓய்வு நிலை" என்று சொன்னேன். இரு செல் பிரிவுகளுக்கு இடைப்பட்ட காலமான இடைநிலையை ஓய்வு நிலை என்றே குறிப்பிட்ட பழைய புத்தகங்களில் படித்து வந்தவன் நான். அமிலக் கரைசலில் விழுந்த கணத்திலேயே அந்தச் செல் இறந்துவிட்டது என்பதையும், இறந்த செல்லின் அசைவின்மையை உயிருள்ள உட்கருவின் இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதையும் அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லாமல் விட்டது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

உட்கருவுக்குள்ளும் மோட்டார் புரதங்கள் உண்டு என்பதை விஞ்ஞானிகளும் எளிதில் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. தவளையின் தசையிலிருந்து வில்ஹெல்ம் கூனே 1864இல் பிரித்தெடுத்த மயோசின் என்னும் மோட்டார் புரதம், நெடுங்காலம் தசைக்கே உரிய புரதமாகக் கருதப்பட்டது. பிறகு மற்றச் செல்களிலும் அதன் உறவுப் புரதங்கள் கண்டறியப்பட்டன. இருந்தும், உட்கருவைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்கள் அதில் மயோசினையோ, மயோசினுக்குப் பாதையாகும் இழைகளை உருவாக்கும் ஆக்டின் என்னும் புரதத்தையோ கண்டபோதெல்லாம், உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கலப்படம் என்று சொல்லி ஒதுக்குவதே வழக்கமாக இருந்தது. சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிரைமல் டி லனரோலின் குழுவினர் 1997இல் உட்கருவுக்குள் மயோசின் இருப்பதற்குச் சான்று காட்டினார்கள். அது மயோசின் 1சி என்னும் புரதத்தின் ஒரு வடிவம் என்பதும், அதன் முன்முனையில் 16 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருப்பதும் 2000இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன. 2004இல், புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்களைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதி வேலை செய்ய இந்த மயோசினும் ஆக்டினும் தேவை என்பது தெளிவாயிற்று.

கலப்படம் என்று அதன்பின் யாரும் சொல்வதற்கில்லை. அப்படியானால் அந்த மயோசின் உண்மையிலேயே எதையாவது நகர்த்துகிறதா என்பதே அடுத்த கேள்வி. சாயமிட்ட ஸ்லைடுகளால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. குரோமோசோமின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து, உயிருள்ள செல்லில் அதைத் தொடர்ந்து பார்க்கும் முறை வந்த பிறகுதான் பதில் கிடைத்தது. அவ்வாறு செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2006இல் வெளியாயிற்று. உட்கருவின் விளிம்பில் ஒதுங்கிக் கிடந்த மரபணுப் பகுதியைச் செயல்படத் தூண்டியதும், அது ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் விளிம்பை விட்டு உட்பகுதியை நோக்கிச் சில மைக்ரோமீட்டர் தூரம் நகர்ந்தது. ஆக்டினையோ மயோசினையோ பழுதுபட்ட வடிவில் செல்லுக்குள் புகுத்தியபோது அந்த நகர்வு தடைப்பட்டது. சில மைக்ரோமீட்டர் என்பது சிறு தூரமாகத் தோன்றலாம். மனித உட்கருவே ஏறக்குறைய 6 முதல் 10 மைக்ரோமீட்டர் அகலந்தான் என்பதையும், அதற்குள்ளே சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ. சுருண்டிருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய பயணம் என்பது விளங்கும்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, பழ ஈக்களின் செல்களைக் கொண்டு தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரீன் கியோலோவின் குழுவினர் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு. டி.என்.ஏ.வில் ஒரே மாதிரியான எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் உண்டு. அத்தகைய இடத்தில் இரு இழைகளும் அறுந்துவிட்டால், அறுந்த முனை வேறொரு குரோமோசோமின் அதே போன்ற வரிசையோடு தவறாக இணைந்துவிடும் அபாயம் இருக்கிறது. எனவே செல் அந்த முறிவை உட்கருவின் விளிம்புக்குக் கொண்டுபோய் அங்கே பழுதுபார்க்கிறது. முறிந்த இடத்தின் அருகிலிருந்து விளிம்பு வரை ஆக்டின் இழைகள் உருவாகின்றன. அவற்றின் வழியே முறிவு இடம்பெயர்வதற்கு மயோசின்கள் தேவைப்படுகின்றன. வேலை முடிந்ததும் இழைகள் கலைந்துவிடுகின்றன. தேவைப்படும்போது மட்டும் பாதை போட்டு, பிறகு அதைக் கலைத்துவிடுவதால்தான் இத்தனை காலம் அது கண்ணில் படவில்லை போலும்.

மயோசினை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் உட்கருவில் இயக்கத்துக்குக் குறைவில்லை. காண்டென்சின் என்னும் புரதத் தொகுதி டி.என்.ஏ. இழையைப் பிடித்து இழுத்து வளையமாக்குவதை 2018இல் ஆய்வாளர்கள் நேரடியாகப் படம்பிடித்தார்கள். வினாடிக்கு 1,500 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) வரை அது இழுத்தது. மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸும் ஒரு மோட்டார்தான். அது டி.என்.ஏ.வின் மேல் ஒரு நேரத்தில் ஓர் எழுத்து வீதம் முன்னேறுகிறது. தான் மணிகளைப்போலக் கோத்துச் செல்லும் ஆர்.என்.ஏ. எழுத்துகளிலிருந்தே அதற்கான ஆற்றலையும் பெற்றுக்கொள்கிறது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் விவசாயிகளிடம் இதைச் சொல்லி விளக்குவது எளிது. பட்டுப்புழு வளரும்போது அதன் பட்டுச்சுரப்பிச் செல்கள் எண்ணிக்கையில் பெருகுவதில்லை. ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. மட்டும் மீண்டும் மீண்டும் இரட்டித்து லட்சக்கணக்கான மடங்காகிறது. உட்கருவும் கிளைகிளையாகச் செல் முழுவதும் படர்கிறது. அந்த உட்கருவுக்குள் பட்டு இழையின் புரதமான ஃபைப்ரோயினுக்குரிய மரபணுவின் எண்ணற்ற நகல்களின் மேல் பாலிமரேஸ்கள் ஓடி உழைத்ததன் பலனைத்தான் நாம் கூடாக எடை போடுகிறோம்.

மறுபக்கம் மிகைப்படுத்துவதும் கூடாது. வெளியே நெடிய நுண்குழல்கள் இருப்பதுபோல உட்கருவுக்குள் நிரந்தரமான நெடுஞ்சாலைகள் இல்லை; அங்குள்ள ஆக்டின் பெரும்பாலும் தனி மூலக்கூறுகளாகவோ குறுகிய இழைகளாகவோதான் இருக்கிறது. உட்கரு மயோசினை மட்டும் நீக்கிய எலிகள் நலமாகவே வாழ்ந்தன என்றும், மயோசின் 1சி-யின் மற்றொரு வடிவம் அதன் வேலையைச் செய்துவிடுகிறது என்றும் 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. மயோசின் டி.என்.ஏ.வை இழுத்துச் செல்கிறதா, அல்லது பாலிமரேஸுக்கு ஊன்றுகோலாக நிற்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. இந்த விவாதத்தையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. முடிந்த முடிவாகச் சொல்லப்படும் பாடத்தைவிட, இன்னும் தேடப்படும் விடைதான் பதினாறு வயதுப் பிள்ளையை ஆய்வகத்துக்கு இழுக்கும் என்பதை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

தங்கள் கட்டுரையோடு வெளியான படத்தில் சைட்டோபிளாசம் முழுவதும் பாதைகளும் சுமைகளும் வரையப்பட்டிருந்தன. உட்கரு மட்டும் உள்ளே எதுவுமில்லாத நீல வட்டமாக இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழ்வழியில் படிக்கும் மேல்நிலை மாணவர்கள் பலருக்குப் பாடநூலுக்கு அப்பால் கிடைக்கும் அறிவியல் செய்தி தங்கள் இதழில் வருவதுதான். பள்ளித் தகவல் பலகையில் அதைக் கத்தரித்து ஒட்டி வைக்கும் ஆசிரியர்களை நான் அறிவேன். ஆகவே அந்த வாக்கியத்துக்குத் திருத்தம் வெளியிடுவதோடு, உட்கருவுக்குள் நடக்கும் இயக்கத்தைப் பற்றித் தனிக்கட்டுரை ஒன்றையும், அந்த நீல வட்டத்துக்குள் குரோமோசோம்களையும் மயோசினையும் காண்டென்சினையும் பாலிமரேஸையும் வரைந்த புதிய படத்தையும் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைத் தாவரவியல் ஆசிரியர்,
தருமபுரி.