ஆட்டோகேட் லிஸ்ப் நிரல் பாதியில் நின்றால்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சத்துவாச்சாரி, வேலூர்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இராணிப்பேட்டை சிப்காட்டிலும் காட்பாடியிலும் உள்ள பட்டறைகளுக்காக, டக்ட் (காற்றுக் குழாய்) விரிப்பு, அதாவது தகட்டில் வெட்டுவதற்கான தட்டை உருவம், பிளாஞ்ச் (குழாய் இணைப்பு விளிம்பு) துளை அமைப்பு போன்ற வரைபட வேலைகளுக்கு ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளுக்குள் ஓடும்படி லிஸ்ப் மொழியில் நாங்கள் எழுதித் தந்த நிரல்களைப் பற்றி அண்மையில் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை "நிரல் வேலை செய்யவில்லை" என்ற ஒரே வாக்கியத்தோடு முடிந்துவிடுகின்றன. கோளாறு எங்கே என்பதை ஆட்டோகேட் பெரும்பாலும் தானே கமாண்ட் லைனில் (திரையின் கீழே உள்ள கட்டளை வரியில்) எழுதிக் காட்டுகிறது. அந்த ஒரு வரி எங்கள் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. ஆகவே பிழை வந்தவுடன் எஃப்2 விசையை அழுத்தி, திறக்கும் சாளரத்திலிருந்து கடைசிச் சில வரிகளை அப்படியே நகலெடுத்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

'பேட் ஆர்க்யுமென்ட் டைப்: நம்பர்பி: நில்' என்று வந்தால், எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை என்று பொருள். அளவு கேட்கும்போது எதையும் தட்டாமல் என்டரை அழுத்தியிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அதே வரியில் 'எல்செல்செட்பி' என்று இருந்தால், நிரல் தேடிய பொருள்கள் வரைபடத்தில் கிடைக்கவில்லை. வெளி நிறுவனத்திலிருந்து வந்த கோப்பில் லேயர் (வரைபட அடுக்கு) பெயர் வேறாக இருக்கும்போது இது அடிக்கடி நேர்கிறது. 'மால்ஃபார்ம்டு லிஸ்ட்' என்பது அடைப்புக்குறியோ மேற்கோள்குறியோ மூடப்படாததைக் குறிக்கும். நிரலை வேர்டில் திறந்து திருத்துபவர்கள் கவனிக்க வேண்டும்: அது நேரான மேற்கோள்குறிகளை வளைந்த குறிகளாக மாற்றிவிடும், லிஸ்ப் அவற்றை மேற்கோளாக ஏற்காது. திருத்தம் தேவையென்றால் நோட்பேடிலேயே செய்யுங்கள்.

பிழைச்செய்தி வந்து நிற்கும் நிரலைவிட, செய்தியே இல்லாமல் தவறாக வரைந்து முடிக்கும் நிரல்தான் எங்களை உண்மையில் கவலைப்படுத்துகிறது. லிஸ்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். பின்னம் சத்தமின்றி விழுந்துவிடும். 425 மி.மீ. நீளத்தை ஆறு சம இடைவெளிகளாகப் பிரிக்கும்போது 70.83 வர வேண்டிய இடத்தில் 70 வந்தால், ஆறாவது இடைவெளி முடியும்போது துளை 5 மி.மீ. தள்ளி நிற்கும், போல்ட் ஏறாது. இணையத்தில் கிடைக்கும் நிரல்களை எங்களுடையவற்றோடு சேர்த்துப் பயன்படுத்துபவர்கள், முதல் முறை ஓட்டியதும் தூரத்தை அளக்கும் டிஸ்ட் கட்டளையால் இரண்டு மூன்று அளவுகளையாவது சரிபார்த்துவிட்டே தகட்டை வெட்ட அனுப்ப வேண்டும்.

இதே போலச் சத்தமின்றித் தவறு தருவது ஓஸ்நாப், அதாவது புள்ளியைக் கோட்டின் முனை போன்ற இடங்களில் தானாகப் பொருத்தும் வசதி. ஓஸ்நாப் இயங்கும் நிலையில், நிரல் கொடுக்கும் புள்ளியைக்கூட ஆட்டோகேட் அருகிலுள்ள கோட்டின் முனைக்கு இழுத்துக்கொள்ளக்கூடும். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது சரியாக வரும் அதே நிரல், முழுத் தாளும் திரையில் தெரியும்போது கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதற்குக் காரணம் இதுதான். அதனால் எங்கள் நிரல்கள் தொடக்கத்தில் ஓஸ்நாப்பைக் கட்டுப்படுத்தும் ஆஸ்மோடு என்ற அமைப்பைச் சுழியமாக்கி, முடிவில் பழைய மதிப்பைத் திரும்ப வைக்கின்றன. நடுவில் எஸ்கேப் அழுத்தினாலும் திரும்ப வைப்பதற்கான பிழைக்கையாளுநரும் அவற்றில் உண்டு. வேறு இடங்களில் வாங்கிய நிரல்கள் சிலவற்றில் அது இல்லாமல் இருக்கலாம். "திடீரென்று ஓஸ்நாப் காணாமல் போய்விட்டது" என்று வரைஞர் சொன்னால், சற்று முன் எந்த நிரலைப் பாதியில் நிறுத்தினார் என்று கேளுங்கள்.

நிரலை ஏற்றும்போது வரும் பாதுகாப்பு எச்சரிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 பதிப்பிலிருந்து வரும் செக்யூர்லோட் என்ற அமைப்பே அதைக் காட்டுகிறது. எரிச்சல்பட்டு அதைச் சுழியமாக்கி அணைத்துவிடுவது வேண்டாம். ஆப்ஷன்ஸ் சாளரத்தில் ஃபைல்ஸ் பகுதியிலுள்ள நம்பிக்கையான இடங்களில் எங்கள் நிரல் கோப்புறையை மட்டும் சேர்த்தால் எச்சரிக்கை நின்றுவிடும். டவுன்லோட்ஸ் கோப்புறையை ஒருபோதும் அங்கே சேர்க்காதீர்கள். வெளியிலிருந்து வரும் ஜிப் கோப்பில் வரைபடத்தோடு 'அகேட்டாக்' என்ற பெயரில் லிஸ்ப் கோப்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால், வரைபடத்தைத் திறக்கும் முன் எங்களுக்குத் தெரிவியுங்கள். அந்தப் பெயருள்ள கோப்பு ஒவ்வொரு வரைபடம் திறக்கும்போதும் தானாக ஏறக்கூடியது. பரவும் தீய நிரல்கள் அந்த வழியையே பயன்படுத்தி வந்திருக்கின்றன.

ஆட்டோகேட்டின் குறைந்த வசதிகள் கொண்ட வகையான எல்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: எல்டியில் லிஸ்ப் ஓடத் தொடங்கியது 2024 பதிப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய எல்டியில் எங்கள் நிரல்கள் ஏறவே ஏறாது, கணினியை எத்தனை முறை மீண்டும் இயக்கினாலும் பயனில்லை.

சொந்தமாக நிரல் எழுதும் வரைஞர்கள் விஷுவல் லிஸ்ப் தொகுப்பியின் டீபக் பட்டியலில் 'பிரேக் ஆன் எரர்' என்பதை இயக்கிவிட்டு ஓட்டினால், பிழை வந்த இடத்திலேயே நிரல் நிற்கும். பிறகு 'லாஸ்ட் பிரேக் சோர்ஸ்' அந்த வரியைத் தொட்டுக் காட்டும். மற்றவர்கள், கமாண்ட் லைன் வரிகளோடு, பிழை வந்த வரைபடத்தின் நகலையும் ஆட்டோகேட் பதிப்பின் ஆண்டையும் சேர்த்து அனுப்புங்கள். எங்களிடமிருந்து பதில் வரும்வரை, அந்த நிரல் வரைந்த எந்த விரிப்பையும் பிளாஸ்மா வெட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
வரைபடச் சேவைப் பிரிவு