அறுந்த இணைப்பை அவிழ்த்து விடுங்கள்

எங்கள் கோப்புச் சர்வரை எழுதிப் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

டர்பன் துறைமுகத்துச் சரக்குகளுக்கான எங்கள் கோப்புகளெல்லாம் நீங்கள் எழுதிய எஸ்எஸ்எச் (பாதுகாப்பாக இணைந்து கோப்பு அனுப்பும் முறை) சர்வர் வழியாகத்தான் போகின்றன. ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரே செஷன், அதாவது ஒரே இணைப்பு, என்று ஏன் வைத்தீர்கள் என்பது தெரியும். அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆள் போன பிறகும் இருப்பதாகவே சர்வர் நினைப்பதுதான் எங்களை வதைக்கிறது.

போன வாரம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எங்கள் அக்கா ஒருவருக்கு ராத்திரியில் கரண்ட் போனது. லோட் ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) குறைந்தாலும் கேபிள் திருட்டு நிற்கவில்லையே. ரவுட்டர் அணைந்ததும் கைபேசி ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மறுபடி உள்ளே போகப் பார்த்தார். ‘இந்தக் கணக்கு ஏற்கெனவே இணைப்பில் உள்ளது’ என்று திருப்பி அனுப்பியது சர்வர். மெழுகுவத்தி வெளிச்சம், இறங்கிக்கொண்டே போகும் லேப்டாப் பேட்டரி, திரையில் திரும்பத் திரும்ப அதே வரி. உங்கள் உதவி எண்ணில் “காத்திருங்கள், தானாக விட்டுவிடும்” என்றார்கள். பேட்டரிதான் முதலில் விட்டது. சுங்கத்துக்கான கோப்பு மறுநாள்தான் போனது. கன்டெய்னர் கூடுதலாக நின்றதற்கான கட்டணம் எங்கள் வாடிக்கையாளர் தலையில் விழுந்தது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? கரண்ட் போன ரவுட்டர் ‘போய் வருகிறேன்’ என்று பாக்கெட் அனுப்பிவிட்டா போகும்? எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று இணைப்பு மட்டத்தில் பார்க்கும் வசதிதான் டிசிபி கீப்அலைவ். லினக்ஸ் அமைப்பை மாற்றாமல் விட்டால் அது 7,200 விநாடி பேசாமல் இருக்கும். அப்புறம் 75 விநாடிக்கு ஒரு முறையாக 9 தடவை தட்டிப் பார்க்கும். மொத்தம் 2 மணி 11 நிமிடம். அந்த வசதியையே இயக்காமல் விட்டிருந்தால் இதற்கும் உத்தரவாதமில்லை.

ஆகவே எஸ்எஸ்எச் மட்டத்திலேயே கேளுங்கள். 30 விநாடிக்கு ஒரு முறை, பதில் வேண்டும் என்ற குறிப்போடு ஒரு குளோபல் ரிக்வெஸ்ட் (இணைப்பு முழுவதற்குமான கோரிக்கை) அனுப்புங்கள். கிளையன்டுக்கு, அதாவது பயனர் பக்கத்து மென்பொருளுக்கு, அந்தக் கோரிக்கை புரியாவிட்டாலும் ‘முடியாது’ என்று பதில் சொல்லியாக வேண்டும். 2006இல் வந்த ஆர்எஃப்சி 4254 என்ற எஸ்எஸ்எச் தர ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. அந்த ‘முடியாது’ போதும், ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள. தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் செஷனை மூடிவிடுங்கள். பலரும் பயன்படுத்தும் இலவச எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சில் இதற்கு இரண்டு வரி அமைப்பு போதும். சொந்தமாக எழுதிய சர்வரில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

கரண்ட் போகாத ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் எங்களைப் போன்ற ஊர்களை எப்போதுதான் கணக்கில் எடுப்பார்கள்? ஒவ்வொரு மென்பொருளிலும் இதே பாடு.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அறுந்த இணைப்பை இரண்டு நிமிடத்துக்குள் கண்டுபிடித்து மூடுங்கள். அதுவரை, அதே நுழைவுச் சாவியோடு (கணக்குக்குள் நுழையும் டிஜிட்டல் சாவி) வருகிறவருக்குப் பழைய செஷனை வெட்டிவிட்டு வழி விடுங்கள். எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து உங்கள் பயனர் ஒருவர்