தண்ணீர் டெஸ்டுக்குக் கொடுத்தாயிற்று

அன்புள்ள அம்முவுக்கு,

நீ பிரசவத்துக்கு வருவதற்குள் குழாய்த் தண்ணீரில் குளோரினால் உண்டாகும் குளோரோஃபார்ம் மாதிரிச் சேர்மங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று சோதிக்கச் சொன்னாயே, நேற்று லேபில் கொடுத்துவிட்டேன். ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்துக்கொண்டு போனால் யார் வாங்குவார்கள்? "நீங்க கேக்கறது ஆவியாப் போயிடும் சார்" என்று கவுண்டரில் இருந்த பெண் 40 மில்லி கண்ணாடிக் குப்பிகள் இரண்டைக் கொடுத்தாள். அடியில் துளி வெள்ளைத் தூள், குளோரினை முறிக்கும் தயோசல்பேட். அது இல்லையென்றால் குப்பிக்குள்ளேயே குளோரின் தன் வேலையைத் தொடர்ந்து, அளவு ஏறிவிடும். விளிம்பில் தண்ணீர் முட்டி நிற்க நிரப்பி, மூடி, கவிழ்த்துப் பார்க்க வேண்டும். குமிழி இருந்தால் இன்னும் சில சொட்டு. உங்கம்மா டார்ச் அடித்துக் குமிழி தேடினாள். பூஜையில்கூட அவ்வளவு சிரத்தை பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். புழல் ஏரித் தண்ணீரில் மக்கிய இலையும் பாசியும் கரைந்திருக்கும். குளோரின் அவற்றோடு சேரும்போது குளோரோஃபார்ம் முதலான நாலு சேர்மங்கள் உண்டாகும். குடிநீருக்கான நம் ஐ.எஸ். 10500 தரத்தில் குளோரோஃபார்முக்கு மட்டும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வரை போகலாம். அமெரிக்காவில் நாலும் சேர்ந்தே 0.08. நீ அங்கே இருப்பதால் பயந்திருக்கிறாய். பல வருஷம் குடிப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கொஞ்சம் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. கருவைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

அதற்காக, மாப்பிள்ளை சொன்ன மாதிரி குளோரினே வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2015 வெள்ளத்தில் நம் சம்ப்பில் சாக்கடை கலந்தபோது குளோரின் மாத்திரை போட்டுத்தானே சமாளித்தோம்? காலராவும் டைஃபாய்டும் இருபது வருஷம் காத்திருக்காது.

ஆர்.ஓ. சர்வீஸ்காரர் டி.டி.எஸ். பேனாவை முக்கி "சூப்பர் வாட்டர்" என்றார். அது உப்பைத்தான் காட்டும், குளோரோஃபார்மைக் காட்டாது. அதைப் பிடிப்பது உள்ளே இருக்கும் கார்பன் ஃபில்டர். அதை மாற்றி இரண்டு வருஷமாகிறது! உடனே மாற்றச் சொல்லிவிட்டேன். உனக்குத் தனியாக, மூடாமல் கொதிக்கவைத்த தண்ணீர்.

அப்புறம், வெந்நீரில் குளிக்கும்போது குளோரோஃபார்ம் ஆவியாகி மூச்சிலும் போகும். பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட சனிக்கிழமை எலெக்ட்ரீஷியன் வருகிறார். ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீ ஃப்ளைட் நேரத்தை அனுப்பு.

அப்பா