மகளுக்கு: கிருபையும் கிரியையும் குறித்து

அன்பு மகளுக்கு,

கிறிஸ்துவுக்குள் அப்பாவின் அன்பும் ஆசீர்வாதமும். ஞாயிறுதோறும் மருத்துவமனையில் டியூட்டி விழுவதால் ஆலயத்துக்குப் போக முடியவில்லை, இப்படியிருக்க ஆண்டவர் என்னை ஏற்றுக்கொள்வாரா என்று எழுதியிருந்தாய். விசுவாசத்தினால் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான், அதாவது தேவனுக்கு முன் நீதியுள்ளவனாக எண்ணப்படுகிறான் என்று பவுல் தம் நிருபத்தில் சொல்ல, யாக்கோபு தம் நிருபத்தில் கிரியைகளை, அதாவது நற்செயல்களைச் சொல்கிறாரே என்றும் கேட்டிருந்தாய்.

இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ரோமர் 4இல் பவுல் எடுத்துக்கொள்வது ஆதியாகமம் 15ஆம் அதிகாரம். நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இவ்வண்ணமாய் இருக்கும் என்று தேவன் சொன்னதைப் பிள்ளையில்லாத அந்த முதியவர் விசுவாசித்தார். அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. அப்போது விருத்தசேதனம் இல்லை, மோசேயின் நியாயப்பிரமாணம் இல்லை, மகன் ஈசாக்கு பிறக்கவும் இல்லை. யாக்கோபு காட்டும் பலிபீடமோ, ஆபிரகாம் அந்த மகனையே பலியிடத் துணிந்த 22ஆம் அதிகாரத்தில், ஈசாக்கு கட்டைகளைச் சுமந்து மலையேறும் அளவுக்கு வளர்ந்த பிறகு வருகிறது. முன்னமே நீதிமானாக எண்ணப்பட்டவர்தான் அந்த மலையில் ஏறினார். கிரியைகளினாலே அவருடைய விசுவாசம் பூரணப்பட்டது என்றே யாக்கோபும் எழுதுகிறார். அவர் கண்டிப்பது, உடையும் அன்றாட ஆகாரமும் இல்லாதவனைப் பார்த்து, குளிர்காய்ந்து பசியாறு என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிடுகிற விசுவாசத்தை. பிசாசுகளுக்கும் அப்படியொரு விசுவாசம் உண்டு, அவை நடுங்குகின்றன என்கிறார்.

இந்தப் பொருளில்தான் மேற்கத்திய திருச்சபை பிளவுபட்டது. விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறோம் என்று போதித்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் அவருடைய போதனைக்கு எதிராகத் தீர்மானம் செய்தது. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர்: நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அவருடைய ஆவியானவரே நம்மை நற்கிரியைகளுக்கு அழைக்கிறார் என்று. வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் இதை நம் பிரசங்க மேடைகளில் அதிகம் கேட்க முடியவில்லையே என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

எபேசியர் 2இல் இரட்சிப்பு தேவனுடைய ஈவு, கிரியைகளினால் உண்டானதல்ல என்ற வசனத்தோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். பத்தாம் வசனத்தையும் வாசி: நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம். ஆகவே, எழுந்திருக்க முடியாத நோயாளியை நீ துடைத்துப் படுக்கை மாற்றிவிடுவதை, தவறிப்போன ஆராதனைகளுக்கு ஈடாகக் கணக்கு வைக்காதே. ஆண்டவர் உன்னை ஏற்றுக்கொண்டுவிட்டார், அதனால் அந்த வேலையைப் பயமில்லாமல் செய். டியூட்டி இல்லாத நாளில் ஆலயத்துக்குப் போ, நற்கருணையில் பங்குகொள்; அதையும் கடன் தீர்ப்பதாக எண்ணாதே.

ரோமர் 4ஐயும் யாக்கோபு 2ஐயும் ஒரே அமர்வில் வாசித்துவிட்டு எழுது. அம்மாவும் உன் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா