அமெரிக்கத் தேர்தலில் கட்சியின் வேலை

ஆசிரியர் அவர்கட்கு,

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் வந்தால் நமது பத்திரிகைகள் இரண்டு முகங்களைப் போட்டு, நாடு முழுக்க யாருக்கு எத்தனை வீதம் என்றே எழுதுகின்றன. பட்டிருப்பிலோ பொத்துவிலிலோ நாம் போடும் புள்ளடி நேரே வேட்பாளரின் கணக்கில் சேரும். அங்கும் அப்படித்தான் என்று வாசகர் நம்பிவிடுகிறார். நடுவில் நிற்கும் கட்சியை விளக்காவிட்டால் அந்தத் தேர்தல் விளங்காது.

மிச்சிகன் மாநிலத்தைப் பாருங்கள். வாக்குச்சீட்டில் இருப்பது வேட்பாளரின் பெயர். வாக்கு விழுவதோ, கட்சி தன் மாநில மாநாட்டில் தெரிவுசெய்து வைத்த தேர்வாளர் பட்டியலுக்கு. ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய இறுதியாக வாக்களிப்பவர்கள் இந்தத் தேர்வாளர்களே. 2016 இல் அங்கே 10,704 வாக்கு கூடுதலாக எடுத்த குடியரசுக் கட்சியின் 16 தேர்வாளர்களும் தெரிவாகினர். ஜனநாயகக் கட்சிக்கு விழுந்த 22 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளுக்கு ஒருவர்கூட இல்லை. மேய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களெல்லாம் இந்த முறைதான். மொத்தத் தேர்வாளர் 538 பேர், வெல்ல 270 வேண்டும். மூன்றாவது ஆள் மேலே வரமுடியாததும் இதனால்தான்: 1992 இல் சுயேச்சையாக நின்ற ரோஸ் பெரோ ஏறக்குறைய 19 வீத வாக்கு எடுத்தும் ஒரு தேர்வாளரைக்கூடப் பெறவில்லை. நம்மைப்போல் இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்கும் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது.

வேட்பாளரை யார் தெரிவுசெய்கிறார்கள் என்பதைத்தான் நம்மவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 1968 இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு முதனிலைத் தேர்தலிலும் (கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்ய மாநிலங்களில் நடக்கும் வாக்கெடுப்பு) போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். கட்சித் தலைவர்கள் கைகொடுத்தார்கள். இதனால் எழுந்த கோபத்தில் விதிகள் மாற, 1972 முதல் சாதாரண ஆதரவாளரின் வாக்கே, கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் பேராளர்களைத் தீர்மானிக்கிறது. ஜனநாயகக் கட்சியில் 15 வீதம் எட்டாதவருக்குப் பேராளர் இல்லை. எட்டியவர்களுக்கு வாக்கின் அளவுக்கேற்பப் பங்கு. குடியரசுக் கட்சி, வென்றவருக்கே முழுவதையும் கொடுக்கச் சில மாநிலங்களில் இடம் வைத்திருக்கிறது. சில மாநிலங்களில் கட்சிக்குப் பதிந்த வாக்காளர் மட்டுமே இதில் வாக்களிக்கலாம். பதிவைத் தவறவிட்டவர் வெளியே நிற்க வேண்டியதுதான். 2024 யூலை 21 இல் ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகியபோது, முதனிலைத் தேர்தல் முடிந்திருந்ததால் கமலா ஹாரிஸைத் தெரிவுசெய்தது அந்தப் பேராளர்களே.

இங்கே வேட்பாளர் யார் என்பதைக் கட்சியின் மேல்மட்டம் தீர்மானிக்கிறது. செயலாளர் கையெழுத்திட்டால் முடிந்தது. கிழக்கில் கொடி கட்டி, சுவரொட்டி ஒட்டும் ஒரு தொண்டனுக்கும் அதில் வாக்கில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

2028 தொடக்கத்தில் முதனிலைத் தேர்தல்கள் வரும்போது, ஒவ்வொரு மாநிலத்தின் பேராளர் பங்கீட்டு விதியையும் தேர்வாளர் எண்ணிக்கையையும் ஓர் அட்டவணையாகத் தங்கள் பத்திரிகை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர், களுவாஞ்சிகுடி