கருவில் சேரும் உலோகமும் பின்னாளில் வரும் புற்றுநோயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகப் புற்றுநோய் தினத்தையொட்டித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரைகள் புகையிலை, வெற்றிலை, உணவுப் பழக்கம் ஆகியவற்றை விரிவாகப் பேசின. அவை யாவும் வளர்ந்தவர் தாமாகத் தேடிக்கொள்ளும் கேடுகள். பிறக்கும் முன்னரே தாயின் இரத்தத்தின் வழியாகக் குழந்தையைச் சென்றடையும் நச்சு உலோகங்களைப் பற்றி ஒரு வரியும் காணாததால் இதை எழுதுகிறேன்.

மிகத் தெளிவான சான்று சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரத்தினுடையது. பாலைநிலத்து ஊராகையால் அங்குள்ளோருக்குக் குழாய் நீரை விட்டால் வேறு நீர் அரிது. 1958இல் புதிதாக இரண்டு ஆறுகளிலிருந்து பெறத் தொடங்கிய நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 860 மைக்ரோகிராம் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று வகுத்துள்ள வரம்பு 10 மைக்ரோகிராம். 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வந்ததும் அந்த அளவு சடுதியாக இறங்கியது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் கருவிலும் மழலைப் பருவத்திலும் அந்நீருக்கு ஆட்பட்டவர்கள் 30 முதல் 49 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறந்த வீதம், நாட்டின் ஏனைய பகுதிகளில் உள்ளதைப் போல ஆறு மடங்களவு இருந்ததை 2006இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நீர் தூய்மையாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே நோய் தலைகாட்டியது.

2003இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கருவுற்ற சுண்டெலிகளுக்குச் சில நாட்கள் மட்டும் ஆர்சனிக் கலந்த நீர் கொடுக்கப்பட்டது. குட்டிகளுக்குப் பிறந்த பின் ஒரு துளியும் கொடுக்கவில்லை. ஆயினும் வளர்ந்த பின் அவற்றின் கல்லீரல், நுரையீரல், சூலகம் ஆகியவற்றில் கட்டிகள் தோன்றின. எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கான குறிகள் கருவிலேயே இடப்படுகின்றன. அந்தக் குறிகளை ஆர்சனிக் குலைத்துவிடுவது ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது.

கொழும்புக் குழாய் நீரைப் பற்றிப் பீதி கிளப்புவது என் நோக்கமன்று. நம் நகரத்தில் நான் அஞ்சுவது கட்மியத்தையும் ஈயத்தையும்தான். நகைக்கடையில் 'கேடிஎம்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தப் பற்றவைப்பில் சேர்வது கட்மியம். ஊதி உருக்கும்போது அது புகையாகிப் பட்டறைக்காரரின் நுரையீரலுக்குள் போகிறது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என உறுதிசெய்யப்பட்ட பொருள் அது. நஞ்சுக்கொடி கட்மியத்தின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தினாலும், குழந்தைக்குப் போக வேண்டிய துத்தநாகத்தின் வழியைக் கட்மியம் அடைக்கிறது. ஈயத்துக்கோ அந்தத் தடையும் இல்லை. 2002 வரை இங்கு ஈயம் கலந்த பெற்றோல் விற்கப்பட்டது. அக்காலத்தில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தெருவோரத்தில் வளர்ந்த சிறுமியர் பலர் இன்று தாய்மார். எலும்பில் தங்கிய ஈயம் பல ஆண்டுகள் அகலாது; கர்ப்பத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து கல்சியம் இளகும்போது அதுவும் கூடவே வெளிவரும். கிளினிக்கில் கிடைக்கும் கல்சியம் மாத்திரையை ஒதுக்கிவைப்போர் இதை அறிய வேண்டும்.

இவ்விரு உலோகங்களும் கருவில் சேர்ந்து பிற்காலப் புற்றுநோயைத் தருவதற்கு, ஆர்சனிக்குக்கு உள்ள அளவு வலுவான மனிதச் சான்று இல்லை என்பது உண்மையே. அத்தகைய சான்று கிடைக்கும் வரை பொறுப்பதென்றால், இன்று கருவிலுள்ள குழந்தை நாற்பது வயதை அடையும் வரை பொறுக்க வேண்டும்.

எனவே வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர், தொழில் என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல், நகைப் பட்டறை வீட்டுக்குள்ளேயே உள்ளதா, அயலில் ஈயத்துக்காகப் பழைய பற்றரி உருக்குகிறார்களா, கணவர் வேலை உடுப்போடு வீட்டுக்குள் வருகிறாரா என்பனவற்றையும் கேட்டறிந்து கர்ப்பிணியின் பதிவேட்டில் எழுதுவதற்கு சுகாதார அமைச்சு வழிசெய்ய வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.